பன்னிரண்டு தாள், ஒரு நூல்: வடநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

பின்லாந்து, சுவீடன், நோர்வே, டென்மார்க் நாடுகளில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்த வகுப்புகளுக்காக மண்டபம் கூட்டி, தேநீர் போட்டு, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெற்றோருக்கும்,



நவம்பர் பிறந்ததும் நம் பாடசாலைகளில் ஆண்டிறுதி வேலைகள் தொடங்கிவிடும். பேச்சுப் போட்டி, குறள் மனனம், நாடக ஒத்திகை, பரிசளிப்பு என்று பட்டியல் நீளமானது என்பது எனக்கும் தெரியும். அந்தப் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். டிசம்பரில் இரண்டு வகுப்பை ஒதுக்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு ஹிம்மெலி செய்யுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை பேச்செல்லாம் தமிழில் நடக்கட்டும்.

ஹிம்மெலி என்பது வைக்கோல் தாள்களை நூலில் கோத்துச் செய்யும் தொங்கல். பின்லாந்தில் இந்தப் பெயர். சுவீடன்காரரும் டென்மார்க்காரரும் இதன் உறவினரை வேறு பெயர்களில் செய்கிறார்கள். பால்டிக் கடலைத் தாண்டினால் லித்துவேனியாவில் இது ‘சோதை’, லாத்வியாவில் ‘புசுரி’. போலந்தில் கடதாசிப் பூவும் சேர்த்து வண்ணமயமாகக் கட்டுகிறார்கள். லித்துவேனியாவின் சோதையை 2023 இல் யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெலாரசின் வைக்கோல் வேலைப்பாடு அதற்கு முந்தைய ஆண்டே அதில் இடம்பெற்றுவிட்டது. ஆக, நம் பிள்ளைகள் வளரும் கடலோரம் முழுவதும் பல மொழிக்காரர் கையில் இருக்கும் ஒரு வேலை இது.

இன்றைக்குக் கடைக் கண்ணாடியில் இதைப் பார்த்தால் நத்தார் அலங்காரம் என்றுதான் தோன்றும். பித்தளைக் குழாயிலும் கறுப்புக் கம்பியிலும் செய்து, விலைச்சீட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். ஆனால் இது கமக்காரர் வீட்டுப் பொருள். ரை தானியம் பின்லாந்து மக்களின் சோறு. நாட்டின் நூறாவது சுதந்திர ஆண்டான 2017 இல் தேசிய உணவு எது என்று வாக்கெடுத்தபோது ரை ரொட்டிதான் வென்றது. அந்த ரையின் தாளிலேயே ஹிம்மெலி கட்டி, நத்தாருக்குச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்டார்கள். கோடை நடுவில் யுகான்னுஸ் பண்டிகை வரும்வரை அது அங்கேயே இருக்கும். அதற்குள் வயலில் அடுத்த போகத்து ரை பூவெடுத்துவிடும். எவ்வளவு பெரிதாகக் கட்டுகிறோமோ அவ்வளவு பெரிதாக விளையும் என்பது நம்பிக்கை. நத்தார் இரவில் பெரிய அறையின் தரை முழுவதும் வைக்கோல் பரப்பி, வீட்டுக்காரரும் வேலையாட்களும் அதன்மேல் ஒன்றாகப் படுத்துறங்கும் வழக்கமும் பின்லாந்திலும் சுவீடனிலும் இருந்தது.

தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுத்த வீடுகளில் பிறந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வயலில் அறுத்த முதல் கதிரைச் சுவாமிக்கு வைத்து, வீட்டில் கட்டி, புது அரிசியில் சோறாக்கிய குடும்பங்களுக்கு மேசைக்கு மேலே தாள் தொங்கவிடும் வழக்கத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. “இது அவர்களுடைய சமயப் பொருள், தமிழ்ப் பாடசாலையில் எதற்கு?” என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்: விளைச்சலை வேண்டிக் கட்டிய பொருள் இது. எந்தச் சமயத்துப் பிள்ளையும் கட்டலாம்.

இனி, தமிழ்ப் பாடசாலையில் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன்.

நம் பாடநூல்களில் மா, பலா, வாழை இருக்கின்றன; பனையும் ஒடியற்கூழும் இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். ஆனால் பாடம் முடிந்து வெளியே வரும் பிள்ளை காண்பது பனியையும் பைன் மரத்தையும். அவற்றைப் பற்றிப் பேச அந்த நாட்டு மொழிக்குப் போய்விடுகிறது. இப்படியே போனால், தமிழ் என்றால் அம்மம்மாவின் ஊரைப் பற்றிய மொழி, இந்த ஊரைப் பற்றிப் பேச உதவாத மொழி என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். யாரும் அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. நாம் எதைப் பேசாமல் விடுகிறோமோ அதிலிருந்து அதுவாகக் கற்றுக்கொள்கிறது.

இன்னொன்று. வீட்டில் நாம் பிள்ளைகளோடு பேசும் தமிழைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எழும்பு, குளி, சாப்பிடு, வெளிக்கிடு, படி, படு. ஒரு நாள் முழுவதும் இந்த ஆறேழு வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. கைவேலைக்கு உட்கார்ந்தால் வேறு சொற்கள் வேண்டியிருக்கின்றன. நனை, உலர்த்து, நறுக்கு, சீவு, கோர், செருகு, உருவு, இழு, தளர்த்து, இறுக்கு, முடிச்சுப் போடு, அவிழ். “நீ இந்த மூலையைப் பிடி, நான் நூலைச் சுத்துறன்.” “மெதுவா இழு, தாள் வெடிச்சிடும்.” “இது மற்றதைவிடக் கட்டை.” இந்த வாக்கியங்களை எந்தப் பயிற்சிப் புத்தகத்தாலும் பிள்ளை வாயிலிருந்து வரவழைக்க முடியாது. தாள் வெடிக்கப்போகிறது என்றால் தானாக வந்துவிடும். பிழை திருத்த ஆசிரியரும் தேவையில்லை. எதிரில் மூலையைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு விளங்காவிட்டால் வேலை நடக்காது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தாள்.

ரைதான் சிறந்தது. ஆள் உயரத்துக்கு வளரும்; கணுவுக்குக் கணு இடைவெளி நீளம்; தண்டு நேராகவும் உள்ளே கூடாகவும் இருக்கும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் விதைத்து, பனிக்குக் கீழே குளிர்காலத்தைக் கழித்து, மறு ஆண்டு ஓகஸ்ட் வாக்கில் அறுவடையாகும் பயிர். அறுவடை இயந்திரம் புகுந்த வயலில் நமக்கு வேலையில்லை. தாள் எல்லாம் நசுங்கிப் பிளந்து கிடக்கும். ஆகையால் பூத்து முடிந்து மணி முற்றுவதற்கு முன், ஜூலையில், தெரிந்த கமக்காரர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, வயலோரத்தில் இரண்டு பிடி அரிந்துகொள்ள வேண்டும். அடியோடு ஒட்ட அரியுங்கள். அடிப்பக்கத் தாள்தான் தடிப்பும் உறுதியும். கட்டாகக் கட்டி, வெயில் நேரே படாத, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு கிழமையில் காய்ந்து பொன்னிறத்துக்கு வரும்.

இந்த ஆண்டு ஜூலை போய்விட்டதே என்றால் அதற்கும் வழியுண்டு. நோர்வேயிலும் சுவீடனிலும் டிசம்பர்ச் சந்தைகளில் பறவைகளுக்கென்று ஓட்ஸ் கதிர்க்கட்டு விற்பார்கள். கதிரைப் பறவைக்கு வெளியில் கட்டிவிட்டுத் தண்டை நாம் எடுத்துக்கொள்ளலாம். ரையைவிட மெல்லியது, கவனமாகக் கையாள வேண்டும், அவ்வளவுதான். கைவினைக் கடைகளில் வெட்டிக் கட்டிய வைக்கோலும் கிடைக்கும். கடற்கரையில் வளரும் நாணலிலும் செய்கிறார்கள். ஒன்றும் கிடைக்காத இடத்தில் கடதாசி ஸ்ட்ரோ உதவும். ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். வைக்கோலின் எடையில்லாத தன்மை அதில் வராது. கதவைத் திறந்தாலே மெல்லச் சுழலத் தொடங்குவது வைக்கோல்தான்.

காய்ந்த தாளின் மேலிருக்கும் சருகை உரித்து, கணுக்களை வெட்டி எறிந்துவிடுங்கள். மிஞ்சும் கூட்டுத் தண்டுகளைத் தடிப்பு வாரியாகப் பிரிக்க வேண்டும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது. தடித்தது ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், மெல்லியது ஒரு குவியல். பிரித்ததை இளஞ்சூட்டு நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, கூரான கத்தரிக்கோலால் பத்து சென்ரிமீற்றர் அளவில் வெட்டுங்கள். காய்ந்தபடியே வெட்டினால் முனை பிளக்கும். வெட்டிய பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, நுனி ஒன்றுக்கொன்று சரிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மில்லிமீற்றர் பிசகினாலும் பிறகு உருவம் கோணும்.

நூல் பருத்தியோ சணலோ, இரண்டு மீற்றர். ஊசி மெல்லியதாக இருந்தால் போதும். தாளை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து விட்டால் தன் பாரத்திலேயே கீழே இறங்கிவிடும்.

நான்கு தாளைக் கோத்து, நூலின் இரு முனையையும் சேர்த்து முடியுங்கள். ஒரு நாற்கோணம் கிடைக்கும். முடிச்சு விழுந்த மூலைக்கு ‘மேல்’, அதற்கு எதிர் மூலைக்கு ‘கீழ்’ என்று பெயர் வையுங்கள். மேல் மூலையிலிருந்து இன்னும் இரண்டு தாள் கோத்துக் கீழ் மூலையில் கட்டுங்கள். கீழிருந்து மறுபடி இரண்டு கோத்து மேலே கட்டுங்கள். இப்போது எட்டுத் தாள். மேலிருந்து கீழே இறங்கும் நான்கு கால்கள், ஒவ்வொரு காலுக்கும் நடுவில் ஒரு முழங்கால். ஊசியை மேல் தாள் ஒன்றின் வழியாக இறக்கி ஒரு முழங்காலுக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து ஒரு தாள் கோத்து அடுத்த முழங்காலில் ஒரு சுற்று, பிறகு அடுத்தது, அடுத்தது. நான்காவது தாள் தொடங்கிய முழங்காலுக்கே திரும்பி வரும். இறுக்கி முடியுங்கள்.

இந்த இடத்தில் வகுப்பை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பதினொரு தாள் கட்டியபோது அது கையில் நெளியும். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சரியும். பன்னிரண்டாவது தாளைக் கட்டி நூலை இழுத்ததும் சட்டென்று விறைத்து நிற்கும். மேசையில் வைத்தால் விழாது, அழுத்தினால் நெளியாது. பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கட்டியதை அவிழ்த்து மறுபடி பதினொன்றாக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஏன் என்று கேட்பார்கள், சொல்லுங்கள். இது எண்முகி. எட்டு முகமும் முக்கோணம். மூன்று தாளால் ஆன முக்கோணத்தைத் தாள் முறியாமல் வேறு உருவமாக்க முடியாது; நாற்கோணத்தை எப்படியும் சாய்க்கலாம். அதே பன்னிரண்டு தாளில் ஒரு கனசதுரம் கட்டச் சொல்லிப் பாருங்கள். கட்டி முடித்தாலும் நிற்காது, மடங்கிப் படுத்துவிடும். அதை நிமிர்த்த ஆறு முகத்துக்கும் குறுக்கே ஒவ்வொன்றாக இன்னும் ஆறு தாள் வேண்டும். மேல்வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், குழிவில்லாத திண்மங்களின் இந்த உறுதியை பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1813 இல் நிறுவினார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பின்லாந்தின் கமக்காரப் பெண்கள் கோஷியைப் படிக்கவில்லை. எது நிற்கும், எது நிற்காது என்பது அவர்களுக்குக் கையால் தெரிந்திருந்தது.

இன்னொரு புதிரும் இருக்கிறது. நாம் சொன்ன முறையில் ஒரு தாளுக்குள் நூல் இரண்டு தரம் போகிறது. ஒவ்வொரு தாளுக்குள்ளும் ஒரே தரம் போய், தொடங்கிய மூலைக்கே திரும்ப முடியுமா? முடியும். எண்முகியின் ஒவ்வொரு மூலையிலும் நான்கு தாள் கூடுகிறது. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று சோடி சோடியாகத் தீர்ந்துவிடும். ஆறு தாளில் கட்டும் நான்முகியில் மூலைக்கு மூன்று தாள். அங்கே எப்படிச் சுற்றினாலும் முடியாது. ஏழு பாலங்களையும் ஒரே தரம் கடந்து நகரைச் சுற்ற முடியுமா என்ற கேள்விக்குக் கணிதவியலாளர் ஒய்லர் 1736 இல் சொன்ன விடையும் இதே கணக்குத்தான். அந்தப் பாலங்கள் இருந்த கோனிஸ்பெர்க் இன்றைய கலினின்கிராட். சோதை கட்டும் லித்துவேனியாவுக்குப் பக்கத்து ஊர். வரைபடத்தில் காட்டுங்கள்.

இரண்டாம் வகுப்பில் பெரிதாகக் கட்டலாம். பத்து சென்ரிமீற்றர்த் தாளில் ஒரு பெரிய எண்முகி. ஐந்து சென்ரிமீற்றரில் ஆறு சிறியவை. நான்கு முழங்காலிலும் ஒவ்வொன்று, கீழ் மூலையில் ஒன்று, பெரியதன் வயிற்றுக்குள் மேல் மூலையிலிருந்து ஒன்று. மொத்தம் எண்பத்து நான்கு தாள். எத்தனை மீற்றர் வைக்கோல் போயிற்று என்று சின்னப் பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். நான்கு மீற்றர் எண்பது சென்ரிமீற்றர் வர வேண்டும். சிறியவற்றைத் தொங்கவிடும்போது எதிரெதிராக இரண்டிரண்டாகக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் முழுவதும் சரியும். ஏழு பிள்ளைகள் ஆளுக்கொன்று கட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வேலைதான். வேறு வடிவங்கள் தேடுவோர் எய்யா கோஸ்கியின் ஹிம்மெலி நூல்களைப் பார்க்கலாம். பின்லாந்தில் இருப்பவர்கள் முதலில் நூலகத்தில் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. டிசம்பர் மெழுகுதிரி மாதம். அட்வென்ற் திரிகள் நான்கு, 13 ஆம் திகதி லூசியா. காய்ந்த வைக்கோல் எப்படிப் பற்றும் என்பது சுவீடன்காரருக்கு நன்றாகத் தெரியும். யேவ்லே நகரில் 1966 இல் முதன்முதல் நிறுத்திய பதின்மூன்று மீற்றர் வைக்கோல் ஆடு, அந்த ஆண்டின் கடைசி இரவிலேயே எரிந்துபோனது. அதற்குப் பிறகும் அந்த ஆட்டை எத்தனையோ தரம் கொளுத்திவிட்டார்கள். ஹிம்மெலிக்குக் கீழே திரி ஏற்றாதீர்கள்; அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளைகளிடமும் சொல்லி அனுப்புங்கள்.

நேரமில்லை என்பீர்கள். ஆண்டுக்கு முப்பதுக்குக் கிட்டத்தட்ட வகுப்பு நடத்துகிறோம், அதில் இரண்டு. பாடத்திட்டத்தில் இல்லை என்பீர்கள். கேட்டல், பேசல் என்ற இரண்டும் எந்தத் தமிழ்ப் பாடத்திட்டத்திலும் இருக்கின்றன. பிள்ளைகள் மொழியைப் பற்றி யோசிக்காமல் பேசும் வகுப்பு அதற்கு வேறு எங்கே கிடைக்கும்? பணமில்லை என்பீர்கள். நூல், ஊசி, கத்தரிக்கோல் எல்லார் வீட்டிலும் உண்டு. தாள், கேட்டால் கொடுப்பார்கள். செய்யத் தெரியாது என்பீர்கள். அதற்குத்தான் பக்கத்து வீட்டு மூதாட்டியை அழையுங்கள் என்கிறேன். இந்த நாடுகளில் ஆண்டுக்கணக்காக வணக்கம் சொல்லி, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கும் அவர்களுக்கும் இருக்கிறது. “எங்கள் பிள்ளைகளுக்கு ஹிம்மெலி காட்டித் தருவீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் தன் மொழியில் காட்டட்டும், பிள்ளைகள் நமக்குத் தமிழில் பெயர்த்துச் சொல்லட்டும். அன்றைக்குத் தமிழ் வகுப்பில் மொழிபெயர்ப்பாளர் நம் பிள்ளைகள்தாம். வழக்கமாக அவர்கள் வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் நமக்காகப் பெயர்ப்பவர்கள். அங்கே அது பாரம், இங்கே விளையாட்டு.

கடையில் வாங்கித் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். வாங்கியது அழகாக இருக்கும். அதைப் பற்றிப் பிள்ளையிடம் பேச ஒரு வாக்கியம்தான் இருக்கும், அதுவும் விலையைப் பற்றியதாக இருக்கும். கட்டியதைப் பற்றிப் பேச எத்தனையோ இருக்கும்: எந்தத் தாள் வெடித்தது, யார் முடிச்சு அவிழ்ந்தது, ஏன் அந்தப் பக்கம் சரிகிறது. பாட்டி தொலைபேசியில் “என்ன செய்தாய்?” என்று கேட்டால் சொல்ல ஒரு செய்தியும், அதைச் சொல்லத் தேவையான சொற்களும் அந்தப் பிள்ளையிடம் இருக்கும்.

எனவே மூன்று வேண்டுகோள். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் டிசம்பரின் இரண்டு வகுப்புகளை இதற்கென்று எழுதிவையுங்கள். பெற்றோரில் யாருக்குக் கமக்காரர் எவரையாவது தெரியும் என்று இப்போதே விசாரித்து, வரும் ஜூலையில் இரண்டு பிடி ரை அரிய அனுமதி வாங்கிவையுங்கள். கட்டி முடித்ததை ஆண்டிறுதி விழா மண்டபத்தில் தொங்கவிட்டு, அது எப்படிக் கட்டப்பட்டது என்று ஒரு பிள்ளையை மேடையில் தமிழில் சொல்லச் செய்யுங்கள். எழுதிக்கொடுத்து மனனம் செய்விக்க வேண்டாம். கையில் பன்னிரண்டு தாளும் ஒரு நூலும் கொடுத்து மேடையில் விடுங்கள், கட்டிக்கொண்டே சொல்லட்டும்.

அன்புடன்,
பின்லாந்திலிருந்து
உங்களைப் போல் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை